ப்ராக்சி வழியாக அழைப்பைத் துண்டிப்பது: கமைலியோவுடன் ஆறு ஆண்டுகள்

ஒரு கணக்கின் கடவுச்சொல் திருடுபோய், அதிலிருந்து வெளிநாட்டு எண்களுக்கு வரிசையாக அழைப்புகள் போய்க்கொண்டிருந்த ஓர் இரவில்தான் நடக்கும் அழைப்பை ப்ராக்சியிலிருந்தே, அதாவது முனைகளை இணைத்துவைக்கும் இடைநிலை சர்வரிலிருந்தே, துண்டிக்கும் வசதியின் அருமை எனக்குத் தெரிந்தது. கணக்கை முடக்கினேன். புதிய அழைப்புகள் நின்றன. ஏற்கெனவே இணைந்தவை நிற்கவில்லை. பதற்றத்தில், எங்கள் ப்ராக்சி மென்பொருளான கமைலியோவையே நிறுத்தி மீண்டும் இயக்கினேன். அப்போதும் அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. எஸ்ஐபி (இணைய அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை) ப்ராக்சி இரு முனைகளையும் சேர்த்துவைப்பதோடு சரி, குரல் ஆர்டிபி என்ற வேறொரு நெறிமுறையில் தனி வழியாகப் போகிறது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் உறைத்தது. இன்னொரு தவறும் செய்துவிட்டேன். அழைப்புகளைக் கண்காணிக்கும் கமைலியோவின் டயலாக் மாடியூல், தரவுத்தளத்தில் சேமிக்கச் சொல்லாவிட்டால், நடப்பு அழைப்புகளை நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். மறுதொடக்கத்தோடு அந்தப் பட்டியலும் போயிற்று. எதைத் துண்டிக்க வேண்டுமோ அதை அடையாளம் காட்டும் வழியை நானே அழித்துவிட்டேன்.

2002இல் வந்த, எஸ்ஐபியை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3261 ஆவணத்தின்படி, அழைப்பை முடிக்கும் 'பை' செய்தியை அனுப்புவது முனைகளின் வேலை. ப்ராக்சியின் வேலை அல்ல. டயலாக் மாடியூல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அழைப்பின் அடையாளமான கால்-ஐடி, இரு முனைகளைக் குறிக்கும் டேக்குகள், செய்திகளின் வரிசையைக் காட்டும் சிசீக் எண், செய்தி போக வேண்டிய பாதை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முனைக்கும் மறுமுனை அனுப்பியது போலவே ஒரு 'பை' அனுப்புகிறது. எடுக்கப்படாத அழைப்பாக இருந்தால் அழைக்கப்படும் பக்கத்துக்கு 'கேன்சல்' போகிறது. நாம் செய்ய வேண்டியது, பட்டியலில் அந்த அழைப்புக்கு நேரே இருக்கும் இரண்டு அடையாள எண்களை முடித்துவைக்கும் கட்டளைக்குக் கொடுப்பதுதான். இதே வகை ப்ராக்சியான ஓப்பன்சிப்ஸிலும் ஏறக்குறைய இதே முறைதான். 2008இல் பிரிந்த இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

கட்டளை எளிது. அது பலிக்க ப்ராக்சிக்கு அழைப்பைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆறு ஆண்டுகளின் பாடு பெரும்பாலும் அதில்தான். முதல் மாதங்களில் பட்டியல் வீங்கிக்கொண்டே போனது. ஒன்றைத் துண்டித்தால் இரு பக்கமிருந்தும் 481 வந்தது: அப்படி ஓர் அழைப்பே இல்லை என்று பொருள். அடுத்த செய்திகளும் ப்ராக்சி வழியே வரச் செய்யும் ரெக்கார்ட்-ரூட் ஹெடரைச் சேர்க்காத ஒரு கிளை என் அமைப்பில் இருந்திருக்கிறது. அதன் வழியே போன அழைப்புகளை முனைகள் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டன. ப்ராக்சிக்குச் செய்தி வரவேயில்லை.

அடுத்த சிக்கல் என்ஏடி, அதாவது ரவுட்டர் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், தன் உள்முகவரியையே காண்டாக்ட்டாக (தன்னை அடையும் முகவரியாக) கொடுக்கும். துண்டிக்கச் சொன்னால், வெளித் தொலைபேசி வலையோடு இணைக்கும் கேட்வே பக்கம் உடனே முடிந்துவிடும். போன் பக்கத்துக்கு அனுப்பிய 'பை' எங்கும் சேராமல், திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, சுமார் 30 விநாடியில் 408 (பதில் வரவில்லை) ஆகி நிற்கும். காதில் போனை வைத்திருப்பவருக்கு அழைப்பு முடிந்தது தெரியாது. முகவரியைத் திருத்தும் படியை, டயலாக் உருவாகும் படிக்கு முன்னால் நகர்த்திய பிறகே இது தீர்ந்தது.

என்னை மிகவும் வருத்தியது காலாவதி. டயலாக்கின் இயல்பான ஆயுள் 43,200 விநாடி, அதாவது 12 மணி நேரம். அது முடிந்தால் அழைப்பு துண்டிக்கப்படும் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அப்படியில்லை. காலாவதியில் 'பை' அனுப்பு என்று தனியாகச் சொல்லாவிட்டால், கமைலியோ தன் பதிவை மட்டும் அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். மின்சாரம் போன ஒரு போன் 'பை' சொல்லாமலே மறைந்தது. எதிர்முனை கேட்வே அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருந்தது. எங்கள் பட்டியலில் சுவடே இல்லை. கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 'பை' அனுப்பும் அந்தத் தேர்வு இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்பது இன்றும் என் கருத்து.

இப்போது ஆயுளை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, காலாவதியில் 'பை' அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முன்பணக் கணக்குகளுக்கு மீதித் தொகை தாங்கும் விநாடிகளே ஆயுள். இடையிடையே 'ஆப்ஷன்ஸ்' அனுப்பி முனைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் வசதியையும் சேர்த்தேன். மறைந்துபோன போன்கள் சில நிமிடங்களில் பிடிபடுகின்றன. முனைகளே ஒன்றையொன்று புதுப்பித்துக்கொள்ளும் ஆர்எஃப்சி 4028 செஷன் டைமர் இதைவிட முறையானதுதான், ஆனால் எல்லாப் போன்களும் அதை ஆதரிப்பதில்லை.

அழைப்புக் கணக்குப் பதிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கமைலியோ தானே உருவாக்கும் 'பை', வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள் போகும் ரூட் பகுதிக்குள் நுழைவதில்லை. அங்கே கணக்கெழுதி வந்த எனக்கு, நான் துண்டித்த அழைப்புகளுக்கு மட்டும் முடிவு நேரமே பதிவாகவில்லை. டயலாக் முடியும்போது எழுதப்படும் சிடிஆர் (அழைப்பு விவரப் பதிவு) முறைக்கு மாறினேன். துண்டிக்கும் கட்டளையோடு கூடுதல் ஹெடர் அனுப்ப முடியும் என்பதால் காரணத்தைச் சொல்லும் 'ரீசன்' ஹெடரும் சேர்க்கிறேன். ஏன் பேச்சு அறுந்தது என்று பயனர் கேட்டால், துண்டித்தது நாங்களா மறுமுனையா என்று பதிவைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஃப்ரீஸ்விட்ச், ஆஸ்டரிஸ்க் போன்ற தொலைபேசி மென்பொருள்கள் அழைப்பின் இரு பாதிகளிலும் தாமே முனையாக நிற்பதால் துண்டிப்பது அங்கே இயல்பாக நடக்கிறது. துண்டிப்பதே முதன்மைத் தேவை என்றால் அவற்றையே சொல்வேன். எங்களுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் குறைந்த சுமையில் போக வேண்டும் என்பதால் கமைலியோவிலேயே நிற்கிறேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. துண்டித்ததும் பட்டியலைப் பார்ப்பதில்லை. எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் எஸ்என்ஜிரெப் கருவியின் திரையில் இரண்டு 'பை' செய்திகளுக்கும் தனித்தனியாக 200 (சரி என்ற பதில்) வந்த பிறகே, அழைப்பு முடிந்தது என்று எழுதுகிறேன்.