வைஃபையா, புளூடூத்தா, ஜிக்பீயா? காவேரிப்பட்டணத்து மேல்தொட்டி சொன்ன பதில்

எங்கள் தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்தும் சொல்ல முடியாது. வந்ததும் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட வேண்டும். போர்த் தண்ணீரில் புளோரைடு என்பதால் குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு இதுதான். அப்படிப்பட்ட தண்ணீர் ஒருநாள் தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியே இறங்கி வாசலுக்கு வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டவன் நான். மறந்தவனும் நான். அம்மா எதுவும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான். மாடியிலிருந்து கீழே ஒயர் இழுத்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் தாத்தா காலத்தது: ஒன்றரை அடிக் கல் சுவர், மேலே கற்பலகை. அதில் துளை போட எலெக்ட்ரீஷியன் அண்ணன் கேட்ட கூலியைக் கேட்டபின், ஒயர் இல்லாத வழிகளைத் தேடினேன்: வைஃபை, புளூடூத், வீட்டுக் கருவிகள் குறைந்த மின்சாரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ. இரண்டு ஆண்டுகளில் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்தையும் தூரத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை என்பது என் முடிவு. ஒரு கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சுவரிலிருந்து வருகிறதா, பேட்டரியிலிருந்து வருகிறதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுக் கருவிகளில் இந்த மூன்றும் பெரும்பாலும் உலவுவது ஒரே அலைவரிசையில்தான்: 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. உரிமம் தேவையில்லாத பட்டை என்பதால் எல்லோரும் அங்கேயே கூடியிருக்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அங்கேதான். ஆக, கல் சுவரை ஊடுருவுவதில் ஒன்றுக்கு இருக்கும் தொல்லை மற்றதற்கும் உண்டு. வித்தியாசம் எவ்வளவு பேசுகிறது, எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது, இடையில் யாரைத் துணைக்கு அழைக்கிறது என்பவற்றில் இருக்கிறது.

முதலில் வைஃபை. கிருஷ்ணகிரி கடைவீதியில் 'ஸ்மார்ட் பிளக்' என்று கேட்டால் என் அனுபவத்தில் எடுத்துத் தருவது இதைத்தான். தனியாக வேறு பெட்டி வாங்க வேண்டாம், வீட்டு ரவுட்டரே போதும். கீசர், வாசல் விளக்கு, கேமரா போன்ற சுவர்க் கரண்டில் ஓடும் நாலைந்து பொருள்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. கேமராவுக்கு வேறு வழியே இல்லை. படத்தைத் தூக்கிச் செல்லும் அகலம் மற்ற இரண்டுக்கும் கிடையாது.

பேட்டரி வந்ததும் கதை மாறுகிறது. பொத்தான் அளவுள்ள சிஆர்2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. வைஃபை சில்லு விழித்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். கணக்குப்படி மூன்று மணி நேரம். உண்மையில் அந்த இழுவையை அந்தச் செல் தாங்கவே தாங்காது. தூங்க வைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல் காட்டி, முகவரி வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறக்க முடியும். 'தொட்டி நிறைந்துவிட்டது' என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சடங்கு. பெரிய பேட்டரி போட்டு, எப்போதாவது மட்டும் பேசும்படி செய்த வைஃபை சென்சார்கள் இருக்கின்றன. அவற்றின் பேட்டரியை மாற்றும் வேலையும் இருக்கிறது.

வைஃபையில் என்னை எரிச்சலூட்டிய சங்கதிகள் இரண்டு. இணைய நிறுவனம் ரவுட்டரை மாற்றித் தந்த அன்று ஒன்பது பிளக்கையும் ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. புது ரவுட்டரிலும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்திருந்தால் அந்தப் பாடு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்தது, மலிவான பிளக்குகள் பலவும் பக்கத்து அறையில் இருக்கும் கைப்பேசிக்குப் பதில் சொல்லக்கூட எங்கோ உள்ள கம்பெனி சர்வருக்குப் போய்வருகின்றன. கேபிள் அறுந்தால், கண்முன் இருக்கும் விளக்கைச் சுவிட்சில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கரண்டையும் கணக்கில் சேருங்கள். சும்மா இருக்கும்போது ஒரு பிளக் 1 வாட் தின்பதாக வைத்தால், இரண்டு மாதத்தில் 1.44 யூனிட். இருபது பிளக் போட்டால் 29 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016இல் அரசு அறிவித்த 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல். சுவரில் செருகும் ஜிக்பீ பொருள்களும் சும்மா இருக்கையில் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். ஒன்றைக் குற்றம் சொல்லி மற்றதைத் தப்பவிடுவது நியாயமில்லை.

புளூடூத்தை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அது கெட்டது என்பதால் அல்ல; வீட்டுக்கு அது செய்யும் வேலை சிறியது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை 2010இல் வந்தது. நோக்கியாவில் பிறந்த வைப்ரீதான் அதன் மூலம். எடை பார்க்கும் மெஷின், பிராணவாயு அளவு காட்டும் விரல் கிளிப் போன்றவற்றுக்கு அதற்கு நிகரில்லை: பேட்டரி நீடிக்கும், கைப்பேசியில் ஏற்கெனவே உண்டு, கூடுதல் பெட்டி வேண்டாம். ஆனால் அங்கே நடுநாயகம் உங்கள் கைப்பேசி. அது உங்களோடு பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போய்விட்டால் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்க ஆளில்லை. இந்தக் குறையைப் போக்க 2017இல் புளூடூத் மெஷ் வந்தது. ஒருவர் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாம் திருப்பிச் சொல்லும் முறை அது. ஊர்த் தண்டோரா மாதிரி. நாலு விளக்கை ஒன்றாக ஏற்ற அது நன்றாகவே வேலை செய்கிறது. பேட்டரியில் ஓடும் கருவி அதில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால், அதற்கு வரும் செய்தியைப் பத்திரப்படுத்தி வைக்க இன்னொரு கருவி வேண்டும். அந்தத் தரத்தில் அதற்கு இட்ட பெயரே 'நண்பன்'.

ஜிக்பீயில் அதே உறவுக்குப் பெயர் பெற்றோர், பிள்ளை. தேனீக்கள் வளைந்து வளைந்து ஆடிச் செய்தி சொல்லும் நடனத்திலிருந்து வந்த பெயர் ஜிக்பீ. அடியில் இருப்பது 2003இல் வெளியான ஐஇஇஇ 802.15.4 என்ற தரம். வேகம் நொடிக்கு 250 கிலோபிட். வைஃபைக்கு முன் இது மாட்டு வண்டி. ஒரு தடவையில் அனுப்பக்கூடிய செய்திப் பொட்டலம் 127 பைட்டுக்கு மேல் போகாது. யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும் என்பதால், ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதல் வரிக்கே இதில் இடம் போதாமல் போகலாம். இந்தக் கஞ்சத்தனம்தான் இதன் பலம். சென்சார் சில மில்லி நொடிகள் விழிக்கும், தந்தி மாதிரி ஒரு சொல்லை அனுப்பும், மறுபடி தூங்கும். சராசரி இழுவை 0.02 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், அதே பொத்தான் செல் 11,000 மணி நேரம் வரும். ஒன்றே கால் ஆண்டு. பிள்ளை தூங்கும்போது அதற்கு வரும் செய்தியைச் சுவர்க் கரண்டில் இருக்கும் 'பெற்றோர்' கருவி வாங்கி வைத்துக்கொள்ளும். அதுவும் சில நொடிகளுக்குத்தான். வழக்கமான கெடு 7.68 நொடி.

எல்லாவற்றுக்கும் தலைவராக ஒருங்கிணைப்புக் கருவி ஒன்று வேண்டும். நான் ஒரு யுஎஸ்பி குச்சியை வாங்கிப் பழைய கணினியில் செருகினேன். வைஃபையோடு ஒப்பிட்டால் இது கூடுதல் செலவு, கூடுதல் தலைவலி. இரண்டு மூன்று சென்சாருக்காக மட்டும் இதைச் செய்வது எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவதுதான். குச்சியைக் கணினியின் யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகியது என் முதல் தவறு. அந்தத் துளையிலிருந்து கிளம்பும் இரைச்சல் இதே பட்டையில் விழுகிறது. ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயர் போட்டதும் காணாமல் போன சென்சார்கள் திரும்பி வந்தன.

அடுத்த தவறு சுவாரசியமானது. சுவர்க் கரண்டில் இருக்கும் ஜிக்பீ பல்பும் பிளக்கும் பிறர் செய்தியை வாங்கிக் கடத்தும். அதை நம்பி, மாடிப்படியில் ஒரு ஜிக்பீ பல்பு மாட்டினேன். தொட்டி சென்சாரின் செய்தி அதன் வழியாகக் கீழே வர வேண்டும். வந்தது. ராத்திரி ஒன்பதரைக்குமேல் வரவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் தெரிந்தது.

"ஆளில்லாத இடத்தில் என்னடா விளக்கு?" என்று கேட்டார் அம்மா. அவர் படுக்கப் போகும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார். சுவிட்ச் அணைந்தால் பல்பு செத்தது. பல்பு செத்தால் பாலம் போயிற்று. பல்புக்கு எப்போதும் கரண்ட் இருக்கும், அணைப்பதும் ஏற்றுவதும் கைப்பேசியில் என்ற எண்ணத்தில் செய்த பொருள் அது. நம் வீடுகளில் சுவிட்சை அணைப்பது சிக்கனம் மட்டுமல்ல, ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தோடு போட்டியிட்டு எந்தத் தொழில்நுட்பமும் ஜெயிக்காது.

ஆகவே இங்கே பல்பு வாங்காதீர்கள். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைக்கும் ஜிக்பீ ரிலே வாங்குங்கள்; செய்தி வந்ததும் தானே கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்னக் கருவி அது. மேலே பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். அம்மா அணைக்கலாம், விளக்கு அணையும், உள்ளே ரிலே விழித்தே இருக்கும். இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. அமெரிக்காவில் பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிச் செல்லும் ஒயர், வராது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஜிக்பீ சுவிட்சுகளில் பல, பிறர் செய்தியைக் கடத்துவதில்லை. நம் போர்டுகளிலோ சுவிட்சுகளோடு ஒரு பிளக் பாயிண்டும் இருப்பது வழக்கம். அதற்கு நியூட்ரல் வந்தே ஆக வேண்டும். கழற்றிப் பார்க்கும் வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சரி, தொட்டி. மிதவை சுவிட்ச் ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, அதன் இரண்டு ஒயரையும் கதவு திறந்ததைச் சொல்லும் சாதாரண ஜிக்பீ சென்சாரில் பற்றவைத்தேன். மிதவை எழுந்தால் 'கதவு மூடியது'. அவ்வளவுதான் அதன் பேச்சு. சென்சாரைத் தொட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது. இந்த அலையைத் தண்ணீர் விழுங்கும். தொட்டி காலியாக இருக்கும்போது நன்றாக வரும் சிக்னல், எப்போது தேவையோ அப்போது, அதாவது நிறைந்ததும் தடுமாறும். இரண்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரில் வெயில் படாத பக்கம் மாட்டினேன். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரைச் சின்ன ரிலேயில் நேரடியாகக் கோக்கவில்லை. கிளம்பும் நொடியில் அது இழுக்கும் கரண்ட் ரிலேயின் முனைகளைப் பொசுக்கிவிடும். ரிலே, பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்கும்; கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்.

இத்தனைக்கும் பிறகு தொட்டி இன்னொரு முறை வழிந்தது. செல் தீர்ந்து சென்சார் ஊமையாகிவிட்டது. ஊமையை 'இன்னும் நிறையவில்லை' என்று என் நிரல் புரிந்துகொண்டது. இப்போது 25 நிமிடம் ஆனால், செய்தி வந்தாலும் வராவிட்டாலும் மோட்டார் நிற்கும். இந்தப் பிழைக்கு மூன்று தொழில்நுட்பத்திலும் மருந்து கிடையாது. நாமே போட வேண்டும்.

ஓசூரில் அடுக்குமாடியில் இருக்கும் அண்ணன் இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தனக்கும் ஜிக்பீ வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் ஓட வேண்டியவை கீசர், ஏசி, ஒரு விளக்கு. மூன்றும் சுவர்க் கரண்ட், நடுவில் மெல்லிய சுவர்; வைஃபையே போதும். பிடிவாதமாகப் போடுவதென்றால், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பெரும்பாலும் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் குவிந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிக்பீயின் பதினாறு சேனல்களில் 15, 20, 25 ஆகியவை அவற்றின் இடுக்குகளில் விழுகின்றன. நான் 25 வைத்திருக்கிறேன்.

பாலக்கோட்டில் மாமாவின் தோட்டத்துக் கிணறு வீட்டிலிருந்து நானூறு மீட்டர். அங்கே இந்த மூன்றுமே தேறாது. சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்தான் அவருக்குச் சரி. ஏற்கெனவே அதைத்தான் வைத்திருக்கிறார், என்னிடம் கேட்கவும் இல்லை. டவர் எட்டாத காட்டுக்கு 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வெகுதூரம் பேசும் லோரா என்ற ரேடியோ முறை இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டையிலேயே வீட்டுக்குள் ஓடுவது இசட்-வேவ்; சுவரை இன்னும் நன்றாக ஊடுருவும். ஆனால் நாட்டுக்கு நாடு அதன் அலைவரிசை வேறு. அமெரிக்கா போன மச்சான் பெட்டியில் வாங்கி வந்தால் இங்கே அது பேசும் மொழி ஒன்று, நம் பட்டை வேறு.

2022 அக்டோபரில் வந்த மேட்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது ரேடியோ அல்ல, ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுப் பேச்சுமொழி. வைஃபை மேலும் ஓடும், த்ரெட் என்ற இன்னொரு ரேடியோ வலையின் மேலும் ஓடும். த்ரெட்டின் அடியில் இருப்பது ஜிக்பீயின் அதே 802.15.4தான், ஒரே தலைவரை நம்பாமல், தலைவர் விழுந்தால் இன்னொருவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குணம் கூடுதல். புதிதாக வீடு கட்டி ஒயரிங் செய்பவர் அதைப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஜிக்பீயைக் கழற்றிவிட்டு அதற்கு மாற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இப்போது என் வீட்டில் கேமராவும் கீசரும் வைஃபையில், அம்மாவின் எடை மெஷின் புளூடூத்தில், தொட்டியும் மாடிப்படியும் ஜிக்பீயில். தலைவர் குச்சியும் அந்தக் கணினியும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. மாடிப்படி ரிலேயையும் அதே லைனில் சேர்த்தேன். மாற்றுச் செல் இரண்டு சமையலறையில் சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே வைக்கச் சொன்னது அம்மாதான், தேடாமல் கிடைக்குமாம்.