பிரிட்டனின் முதலீட்டுப் பாதுகாப்பு அறிவிப்புச் சேவை: வேகம் நன்று, விளக்கம் போதாது

பாதுகாப்புத் தளவாடம், அணுசக்தி, செயற்கை நுண்ணறிவு, தகவல் தொடர்பு, விண்வெளி போன்ற நுட்பமான துறை ஒன்றில் இயங்கும் பிரிட்டன் நிறுவனத்தில் ஒருவருடைய பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டப் போகிறது என்றால், அவர் முதலில் அரசின் இணையதளத்தில் அறிவிப்புப் படிவம் தாக்கல் செய்து அனுமதி பெற வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு மற்றும் முதலீட்டுச் சட்டம் விதித்த இந்த நடைமுறை 2022 ஜனவரி 4 அன்று தொடங்கியது; அப்போது கட்டாய அறிவிப்புக்கு உரியவையாக 17 துறைகள் வகுக்கப்பட்டன. படிவங்களைப் பெற்றுப் பரிசீலிப்பது, இப்போது அமைச்சரவை அலுவலகத்தின் கீழ் உள்ள முதலீட்டுப் பாதுகாப்புப் பிரிவு. ஒரு பொதுச் சேவை என்ற முறையில் இது எப்படி இயங்குகிறது என்பதை, விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து மட்டுமன்றி, எந்தத் தொழில்களைக் காப்பதற்காக இது ஏற்படுத்தப்பட்டதோ அந்தத் தொழில்களின் பக்கத்திலிருந்தும் பார்ப்பதே முறை என்று கருதுகிறேன்.

கட்டாய அறிவிப்பு, விருப்ப அறிவிப்பு, அனுமதி பெறாமல் முடித்துவிட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னர் ஏற்பு கோருவது என மூன்று வகைப் படிவங்கள் உள்ளன. கட்டணம் கிடையாது. படிவத்தின் உயிர்நாடி, பங்குடைமை வரைபடம்தான். வாங்கும் நிறுவனத்துக்கு மேலே யார், அவருக்கும் மேலே யார் என்று கடைசி உரிமையாளர் வரை ஏறிச் செல்லும் அந்த வரைபடத்தை, விற்பனைக்கு முன் இருந்த நிலைக்கு ஒன்றும் பின் வரப்போகும் நிலைக்கு ஒன்றுமாகத் தர வேண்டும். பணம் யாருடையது என்பதைவிட, அந்தப் பணத்தின் பின்னால் நின்று முடிவெடுப்பவர் யார் என்பதே பாதுகாப்பு நோக்கில் முக்கியம் என்பதால், இந்தக் கேள்வியில் பிரிவு காட்டும் கண்டிப்பு முற்றிலும் நியாயமானது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசீலனைக்கு உரிய 30 வேலை நாட்கள், படிவத்தை அனுப்பிய நாளிலிருந்து அல்ல, அது முழுமையாக உள்ளது என்று பிரிவு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. வரைபடத்தில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அந்த எண்ணிக்கை தொடங்காமலே போகலாம்.

அனுமதியின்றி முடித்த ஒப்பந்தத்துக்குத் தண்டனையும் கடுமையானது: உலகளாவிய விற்றுமுதலில் 5 விழுக்காடு அல்லது 1 கோடி பவுண்டு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு வரை அபராதம் விதிக்கலாம், 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஆயினும் சட்டத்தின் உண்மையான பலம், அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்ற ஒற்றை வரியில் இருக்கிறது. அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். செல்லாத உரிமையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வேகத்தில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். 2023-24 நிதியாண்டில் 906 அறிவிப்புகள் வந்தன. பரிசீலிக்கப்பட்டவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 30 வேலை நாட்களுக்குள் எந்த நிபந்தனையுமின்றி அனுமதி பெற்றன. தடையோ நிபந்தனையோ விதிக்கும் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட்டவை 5 மட்டுமே. முதலீட்டாளரை விரட்டியடிக்கும் சட்டம் இது என்று தொடக்கத்தில் எழுந்த அச்சத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

என் மனக்குறை அந்த ஐந்தைப் பற்றியதே. ஓர் ஒப்பந்தம் தடுக்கப்பட்டாலோ, அதற்கு நிபந்தனை விதிக்கப்பட்டாலோ, வெளியாகும் அறிவிக்கையில் காரணம் இரண்டொரு வாக்கியங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பாதுகாப்பு ரகசியத்தை அம்பலப்படுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வகை ஆபத்து, அதை நிபந்தனைகளால் ஏன் சமாளிக்க முடியவில்லை என்ற அளவிலாவது சொன்னால், அடுத்து வருபவர் தம் ஒப்பந்தத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

நியூபோர்ட் நகரின் வேஃபர் ஆலை, அதாவது மெல்லிய குறைகடத்தித் தகடுகளில் சிப்புகளை உருவாக்கும் ஆலை, இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1978-இல் பிரிட்டன் அரசு தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கிய இன்மாஸ் என்ற சிப் நிறுவனத்துக்காகத் தெற்கு வேல்ஸில் எழுந்த ஆலை அது. 1984-இல் அரசு தன் பங்கைத் தார்ன் இஎம்ஐ நிறுவனத்துக்கு விற்றது. பிறகு ஆலை பல கைகள் மாறி, 2021 ஜூலையில் சீனாவின் விங்டெக் குழுமத்துக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியா என்ற நெதர்லாந்து நிறுவனத்திடம் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அந்த விற்பனை முடிந்துவிட்ட போதிலும், 2020 நவம்பர் 12-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களையும் எடுத்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. 2022 நவம்பர் 16 அன்று, குறைந்தது 86 விழுக்காட்டுப் பங்கை விற்றுவிட வேண்டும் என்று ஆணை வந்தது. கூட்டுக் குறைகடத்தித் தொழில்நுட்பம் (ஒன்றுக்கு மேற்பட்ட தனிமங்கள் சேர்ந்த பொருளால் சிப் செய்யும் முறை) அந்த ஆலைக்கு மீண்டும் வரக்கூடும் என்பதும், ஆலையின் இருப்பிடம் தெற்கு வேல்ஸின் குறைகடத்தித் தொழில் திரளில் உள்ள தொழில்நுட்ப அறிவை எட்டுவதற்கு வழி தரும் என்பதுமே சொல்லப்பட்ட காரணங்கள். அமெரிக்காவின் விஷே நிறுவனம் 17.7 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது 2024 மார்ச்சில். இடைப்பட்ட ஏறக்குறைய 16 மாதங்கள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தங்கள் முதலாளி யார், ஆலை நிலைக்குமா என்று தெரியாமல் வேலை பார்த்தார்கள். ஆணை சரியா தவறா என்பது வேறு விவாதம். விற்கச் சொல்கிற அரசு, விற்று முடியும் வரை ஆலையும் வேலையும் நிலைக்க ஓர் ஏற்பாடு செய்துதர வேண்டாமா? ஒரு தொழிலைக் காப்பது என்றால் அதன் கைத்திறனைக் காப்பது. அந்தக் கைத்திறன் இருப்பது அங்கு வேலை செய்பவர்களிடம்தான்.

இன்னொன்று, சேவையின் குறை என்பதைவிட அதன் எல்லை. பங்கோ சொத்தோ கைமாறும் தருணத்தை மட்டுமே இது காவல் காக்கிறது. இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரில் உள்ள எஃகு ஆலையைச் சீனாவின் ஜிங்யே குழுமம் வாங்கியது 2020 மார்ச்சில். இந்தச் சட்டத்தின் பார்வைக்குள் அது வரவே இல்லை. ஆபத்து வந்தது வேறு வழியில்: 2025-இல், குயின் ஆன், குயின் பெஸ் எனப்படும் இரண்டு ஊதுலைகளுக்கும் (தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் உலைகள்) வேண்டிய நிலக்கரியும் இரும்புத் தாதுவும் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. ஊதுலையை அடுப்பைப் போல நினைத்தபோது அணைத்து மூட்ட முடியாது. சூடு தணிந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் இரும்பு இறுகிப் பாறையாகிவிடும்; அதன் பிறகு உலையை மீட்பது பெருஞ்செலவு, சில வேளைகளில் இயலாத காரியம். ஆகவே ஏப்ரல் 12, சனிக்கிழமையன்று நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டு, ஆலைக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கும் தனிச் சட்டம் அன்றே நிறைவேறியது. படிவத்தை எவ்வளவு கண்டிப்பாகப் பரிசீலித்தாலும் இப்படியொரு நெருக்கடி அதில் தென்படாது.

விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: ஒப்பந்தத்தின் நிறைவு நாளைக் குறிக்கும்போது 30 வேலை நாட்களோடு நிறுத்தாமல், பிரிவு விரிவான ஆய்வுக்கு அழைத்தால் கூடுதலாகும் 30 வேலை நாட்களையும், அதற்கும் மேல் நீட்டிக்கக்கூடிய 45 வேலை நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குடைமை வரைபடத்தை வழக்கறிஞரிடம் முழுவதுமாக விட்டுவிடாமல், நிறுவனத்தின் உள்விவரம் அறிந்த ஒருவரை ஒவ்வொரு கண்ணியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.