பேலியோவா, 16:8 விரதமா, வீட்டுத் தட்டை மாற்றுவதா?

எடை குறைக்க நினைப்பவர்கள் இங்கே பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள்: சோறு, தானியங்களை விட்டு முட்டை, இறைச்சி, கொட்டைகள், கொழுப்பு என்று சாப்பிடும் பேலியோ; நாளில் 8 மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு 16 மணி நேரம் விரதம் இருக்கும் 16:8; வழக்கமான வீட்டுச் சாப்பாட்டில் அளவை மட்டும் மாற்றும் தட்டு முறை. மூன்றிலும் எடை குறையும். ஆரம்ப வேகத்தில் பேலியோ முந்தும். இருந்தும் என் ஓட்டு மூன்றாவதற்கே. இலக்கைத் தொட்ட மறுநாள் காலை என்ன சாப்பிடுவது என்பதற்கு அதில் மட்டும்தான் தெளிவான பதில் இருக்கிறது.

அதற்கு முன் இலக்கைப் பார்த்துவிடுவோம். "மூன்று மாதத்தில் பத்து கிலோ" என்றால் தேதி முடிந்ததும் டயட்டும் முடிந்துவிடும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீராக்கியதில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஆகவே வயிற்றுச் சுற்றளவு (ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.), எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), ஆறு மாதத்தில் 5 சதவீத எடைக் குறைப்பு ஆகிய மூன்றும் இலக்காக இருந்தால் போதும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோ. டேப்பைத் தொப்புளுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

பேலியோவின் பலம் உண்மையானது. பசி அடங்கும், ரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கும். ஆனால் முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து நின்றதும் உடல் கிளைகோஜனாகச் சேமித்த சர்க்கரை கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் வெளியேறுகிறது. இன்னொன்று, பேலியோவில் பலர் காலையில் சாப்பிடும் நூறு பாதாம் கிட்டத்தட்ட 700 கலோரி. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்ரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பேலியோவிலோ விரதத்திலோ இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை (சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும்) மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோ அமிலத் தேக்கம் (ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) வரக்கூடும். டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசாமல் தொடங்கவே கூடாது.

16:8 பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீனாவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், கலோரி ஒரே அளவு குறைந்தபோது நேரக் கட்டுப்பாடு தனியாகக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் கொறிப்பதுதான் உங்கள் சிக்கல் என்றால் இது நன்றாக உதவும். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு எப்படி ஒத்துவரும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

இனி பராமரிப்பு. அமெரிக்காவில் 160 பேரை நான்கு பிரபல டயட்டுகளில் பிரித்து ஓராண்டு கவனித்து 2005-ல் வெளியிட்டார்கள். எந்த டயட் என்பதைவிட, அதை எவ்வளவு விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதே எடைக் குறைப்போடு நெருங்கிப் பொருந்தியது. பேலியோவில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல், விருந்துக்குப் போனால் தனி இலை. இதைப் பல வருடம் தாங்கும் வீடுகள் குறைவு. விட்டதும் சோறு திரும்பி வருகிறது. பழகிய நெய்யும் வெண்ணெயும் சீஸும் போவதில்லை. இரண்டும் சேரும்போது எடை ஏறுகிறது. கிளைகோஜனோடு தண்ணீரும் திரும்ப, ஒரே வாரத்தில் முள் ஒன்றிரண்டு கிலோ மேலே போகும். அதைக் கொழுப்பு என்று எண்ணி மனம் உடைந்து எல்லாவற்றையும் கைவிடுபவர்கள் பலர். எடை குறைந்த உடலுக்குத் தேவையும் குறைவு. எந்த முறையில் குறைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்ப முடியாது.

தட்டு முறையில் சமையல் எல்லோருக்கும் ஒன்றே, அளவுதான் மாறுகிறது. மதியம் 300 கிராம் சோறு சாப்பிட்டவர் 150 கிராமில் நிறுத்தினால் சுமார் 200 கலோரி மிச்சம். முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு கரண்டிக் கணக்கு கைக்கு வந்துவிடும். காலியான இடத்தில் காய் வர வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 400 கிராம் காய் சொல்கிறது. சோற்றுக்கு முன்பே பாதிக் காயைச் சாப்பிட்டுவிடுவது நல்லது.

பலரும் தோற்பது புரதத்தில். தெளிந்த சாம்பாரில் பருப்பு மிகக் குறைவு, அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கள். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் என்று கணக்கிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான். இரவில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் பத்து மணிக்குப் பசிக்கும். அரிசிக்குப் பதில் அதே அளவு சாமையோ தினையோ போட்டால் நார்ச்சத்து கூடும், கலோரி ஏறக்குறைய அதேதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம்: முதலில் சோறு, பிறகு காய், பிறகு மாலைப் பலகாரம். திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள், தினமும் வேண்டாம். நான்கு வாரம் முள் அசையவில்லை என்றால் சோற்றை மேலும் வெட்டாதீர்கள், மளிகைச் சீட்டை எடுங்கள். அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டுதலில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் கேன் மாதா மாதம் காலியாகிறது என்றால், பொரியலில் ஊற்றும் கரண்டியை முதலில் சின்னதாக்குங்கள். அடுத்தது டீ. நாளுக்கு மூன்று கப், கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 120 கலோரி அதிலேயே போகிறது.