இன்டெல் தேறுமா? ஏஎம்டி கதையில் பாதிதான் சொல்கிறோம்

சிப் நிறுவனமான இன்டெல் தேறுமா என்று மொரிசியஸின் எபேன் சைபர்சிட்டியில் யாரைக் கேட்டாலும், அதன் போட்டி நிறுவனத்தைக் காட்டி, "ஏஎம்டி தேறவில்லையா?" என்றுதான் பதில் வருகிறது. என் அக்கா மகனும் அதையேதான் சொல்கிறான்: "2015ல ஏஎம்டி பங்கு ரெண்டு டாலருக்கும் கீழ கெடந்தது மாமா. இன்னைக்குப் பாருங்க!" சரி, பார்ப்போம்.

ஏஎம்டி 2009இல் தன் சிப் ஆலைகளைப் பிரித்துவிட்டது. அவை அபுதாபிப் பணத்தில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாயின. 2014இல் லிசா சூ தலைமைக்கு வந்தார், 2017இல் ரைசன் செயலி வந்தது, நிறுவனம் எழுந்தது. இந்தப் பாதியை எல்லாரும் சொல்வார்கள். ஆலைப் பாதி என்ன ஆயிற்று? 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் என்ற புதிய, நுணுக்கமான சிப் தயாரிப்பு முறைக்கான முயற்சியையே கைவிட்டது. பிறருக்காகச் சிப் செய்துதரும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் ஏஎம்டி போய்ச் சேர்ந்தது. தேறியது வடிவமைப்பு மட்டும்தான். ஆலை பிழைத்துக்கொண்டது, ஆனால் முன்னணிப் பந்தயத்தில் அதற்கு இடமில்லை.

இன்டெல்லின் நோய் இருப்பதோ அந்த ஆலைப் பாதியில். 2024இல் நிகர நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். ஆலைப் பிரிவின் இயக்க நஷ்டம் மட்டுமே 1,300 கோடிக்கு மேல். அதன் 10 நானோமீட்டர் முறை பல ஆண்டுகள் தள்ளிப்போனதன் பாதிப்பு இன்னும் தீரவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகவே புரியும். மொரிசியஸில் இப்போது மிஞ்சியிருப்பது மூன்றே சர்க்கரை ஆலைகள். சொந்தத் தோட்டத்துக் கரும்பை மட்டும் வைத்து ஆலையை ஓட்டினால் கட்டுப்படியாகாது, வெளிக் கரும்பும் வரவேண்டும். இன்டெல் ஆலைகள் அரைப்பது பெரும்பாலும் சொந்தக் கரும்பு, அதாவது இன்டெல்லே வடிவமைத்த சிப்கள். வெளியார் ஏன் தயங்குகிறார்கள் என்றால், ஆலைக்காரரே அவர்களுக்குப் போட்டித் தோட்டக்காரரும்கூட. டிஎஸ்எம்சி தன் பெயரில் ஒரு சிப்பும் விற்பதில்லை. அதனால் ஆப்பிளும் என்விடியாவும் ஏஎம்டியும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் பிரித்துவிடலாமே? வடிவமைப்புப் பாதி சீக்கிரமே மூச்சுவிடும். 2024இல் வந்த லூனார் லேக் என்ற மடிக்கணினிச் சிப்பின் முக்கியப் பகுதிகளை இன்டெல்லே டிஎஸ்எம்சியிடம் கொடுத்துத்தான் செய்துகொண்டது. ஆனால் தனியாக விடப்படும் ஆலை யாரை நம்பி நிற்கும்? போதாததற்கு அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் 890 கோடி டாலர் போட்டு சுமார் 10 சதவீதப் பங்கு எடுத்தபோது ஒரு முடிச்சும் போட்டிருக்கிறது: ஆலைத் தொழிலில் இன்டெல்லின் உரிமை 51 சதவீதத்துக்குக் கீழே போனால், அரசு இன்னும் 5 சதவீதத்தை, பங்கு ஒன்று 20 டாலர் விலையில் வாங்கிக்கொள்ளலாம். பிரிப்பதற்கு இது நேரடித் தடை இல்லை, ஆனால் கை கூசும்.

சேர்த்தே வைத்திருப்பதுதான் லிப்-பூ டான் 2025 மார்ச்சில் தலைமை ஏற்றதிலிருந்து போகும் வழி. அவரிடம் எனக்குப் பிடித்தது, கணக்கை மறைக்காதது. அடுத்த தலைமுறைச் சிப் தயாரிப்பு முறையான 14ஏ-வுக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்தவும் கூடும் என்று நிறுவனம் அந்த ஆண்டு ஜூலையில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்ததும் பலர் துள்ளினார்கள். அது பங்கில் போடும் பணம், இருவரும் சேர்ந்து சிப் உருவாக்கும் ஏற்பாடு. தன் சிப்களை இன்டெல் ஆலையில் செய்வதாக என்விடியா அதில் வாக்குக் கொடுக்கவில்லை.

14ஏ-வுக்கு முந்தைய 18ஏ முறையில் செய்த பேந்தர் லேக் என்ற மடிக்கணினிச் சிப்பை அக்டோபரில் காட்டினார்கள். நல்ல சிப்பாகவே இருக்கட்டும், அதுவும் சொந்தக் கரும்புதான்.

என் கணிப்பு: மடிக்கணினிச் சந்தையில் இன்டெல் ஓரளவு நிமிரும். ஆலை தேறுவதற்கு நான் இன்னும் பாதிக்குப் பாதி வாய்ப்புகூடக் கொடுக்க மாட்டேன். அக்கா மகனிடம் சொன்னது இதுதான்: பங்கு விலையைப் பார்க்காதே. 14ஏ-வில் பெரிய அளவில் சிப் செய்யப்போவதாக ஒரு வெளி நிறுவனம் பெயரோடு அறிவிக்கிறதா என்று பார், அப்புறம் பணத்தைப் போடு.