செம்மண் கொல்லை மக்காச்சோளத்துக்கு எது எடுபடும்: சுண்ணாம்பா, தொழு எருவா, ஆட்டுக்கிடையா?

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண் கொல்லைல மக்காச்சோளம் போடறவங்க நடுவுல, மண்ணு புளிச்சுப்போனா என்ன போடறதுன்னு இந்தப் பேச்சு எப்பவும் ஓடும், சுண்ணாம்பு தூவுனா போதும்னு ஒரு கோஷ்டி, எருவு அடிச்சா மண்ணு தானா சரியாயிடும்னு இன்னொரு கோஷ்டி. என்னைக் கேட்டா ரெண்டும் செய்யற வேலையே வேற. முதல்ல உங்க கொல்லை பிஎச் (மண்ணோட புளிப்பு அளவு, 7க்கு கீழ எறங்க எறங்க புளிப்பு கூடும்) எவ்ளோன்னு மண் பரிசோதனைல பாத்துக்கோங்க. நம்ம கடலூர் மாவட்டத்து வேப்பூர், மங்களூர் பக்கத்து கரிசல்காரங்க இதைப் படிச்சுட்டு சுண்ணாம்பு மூட்டை வாங்கப் போயிடாதீங்க, அங்க மண்ணுக்குள்ளயே சுண்ணாம்பு கெடக்கு, மேல போட்டா துத்தநாகப் பற்றாக்குறைதான் கூடும்.

பிஎச் 5.5க்கு கீழ எறங்குனா மண்ணுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனிய கருக்கிடும். சந்தேகமா இருந்தா ஒரு பயிர புடுங்கிப் பாருங்க, வேரு கட்டையா, தடிச்சு, நுனி பழுப்பா, பக்க வேரே இல்லாம மொட்டையா இருக்கும். டிஏபி உரம் போட்டும் இளம்பயிர் ஓரமெல்லாம் ஊதா அடிக்குதுன்னா அதுல இருக்கற மணிச்சத்த (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் புடிச்சு வச்சுக்கிச்சுன்னு ஒரு காரணம் (குளிருக்கும் அப்படி ஆகும், அதையும் சொல்லிடறேன்).

இந்த அலுமினியத்த அடக்கறதுல சுண்ணாம்புதான் கெட்டி. ஆனா எந்த சுண்ணாம்புன்னு பாருங்க. சுண்ணாம்புக்கல் மாவு ஒரு டன் செய்யற வேலைய நீத்துப்போன சுண்ணாம்பு சுமார் 740 கிலோவுல செஞ்சுடும், சுட்ட சுண்ணாம்புன்னா 560 கிலோ போதும். சுட்டது வேகமாவும் வேலை செய்யும், ஆனா கண்ணு, கை எல்லாம் வெந்துடும், அதனால ஆளு வச்சு தூவறவங்களுக்கு நான் கல் மாவுதான் சொல்லுவேன். மக்னீசியமும் கொறைச்சலா இருந்தா டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்). கடலைக்கு போடற ஜிப்சத்த இதுக்கும் போடலாம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, அதுல கால்சியம் இருக்கே தவிர பிஎச்ச ஏத்தாது.

சுண்ணாம்புல தொல்லை என்னன்னா போட்ட எடத்த விட்டு நகராது, மேல தூவிட்டு மழை எறக்கிடும்னு விட்டா வேஸ்ட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு உழுது கலக்கணும், விதைக்கறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே. அதோட நம்ம மணல் கலந்த செம்மண்ணுல கொஞ்சம் கூடுனாலும் பிஎச் தாவிடும், அப்பறம் குருத்து வெளுத்துப் போயி துத்தநாகத்துக்கு அலையணும்.

தொழு எரு இந்த மாதிரி அதிரடி பண்ணாது. ஏக்கருக்கு 5 டன் அடிச்சாலும் பிஎச் நகர்றது கொஞ்சம்தான், ஆனா மக்கும்போது வர்ற கரிம அமிலம் அலுமினியத்த கட்டிப் போடுது, மணிச்சத்து விடுபடுது, ஈரம் நிக்குது. மழைய நம்பி போடற கொல்லைக்கு இந்த ஈரத்த சுண்ணாம்பால தர முடியாது. கஷ்டம் என்னன்னா மாடு கொறைஞ்சுபோன ஊர்ல 5 டன்னு எங்க கெடைக்கும், வண்டி வாடகை வேற.

அதுக்குத்தான் ஆட்டுக்கிடை, அதாவது ராத்திரில ஆட்டு மந்தைய கொல்லைலயே அடைச்சு வைக்கறது. எருவுலயும் சத்து ஜாஸ்தி, மூத்திரமும் மண்ணுலயே எறங்குது, சுமக்கற கூலி மிச்சம். கிடை கெளம்புன உடனே உழுதுடணும், வெயில்ல காய விட்டா தழைச்சத்து (நைட்ரஜன்) காத்தோட போயிடும். முட்டைக்கோழி எருவும் நல்லதுதான், தீவனத்துல கால்சியம் கொட்டறதால அதுக்கே கொஞ்சம் சுண்ணாம்பு குணம் உண்டு, ஆனா மக்காம போட்டா பயிர் கருகும்.

என் தீர்ப்பு இதுதான், பிஎச் 5க்கு கீழ, கையில ஒண்ணுக்குத்தான் காசுன்னா சுண்ணாம்பு. 5.5க்கு மேலன்னா சுண்ணாம்ப மறந்துட்டு எருவுக்கோ கிடைக்கோ செலவு பண்ணுங்க. நடுவுல இருக்கறவங்க ரெண்டையும் பாதிப்பாதியா. முழு அளவு சுண்ணாம்புக்கு வழியில்லன்னா வருஷா வருஷம் தேவைல பத்துல ஒரு பங்க மட்டும் விதை சால்ல போடற முறை இருக்கு, ஏக்கருக்கு 80லேருந்து 160 கிலோதான் ஆகும், வடகிழக்கு மாநிலங்கள்ல மலை மண்ணுக்கு சொல்ற கணக்கு அது.

ரெண்டும் போடறீங்கன்னா ஒரே நாள்ல கொட்டாதீங்க. பச்சை எருவு மேல நீத்துப்போன சுண்ணாம்பு பட்டா மூக்க அடைக்கற நெடி வரும், போறது உங்க தழைச்சத்து. சுண்ணாம்ப மொதல்ல உழுதுட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மக்குன எருவ அடிங்க. மேலுரத்துக்கு அம்மோனியம் சல்பேட்ட தவிர்த்துடுங்க, யூரியாவும் மண்ண புளிக்க வைக்கும்தான், ஆனா அது அளவுக்கு இல்ல.