52 ஆயிரம் பேர் படிக்கும் இடமா, 12 ஆயிரம் பேர் படிக்கும் இடமா?

அக்கா மகள் ஓர் எக்செல் தாள் அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறாள். ஆய்வுமுறையில், அதாவது புள்ளியியல், கருத்துக்கணிப்பு, கணித மாதிரிகள் ஆகியவற்றில் பெயர் எடுத்த பல்கலைக்கழகங்களை மட்டும் பொறுக்கியிருக்கிறாள். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் மொத்த மாணவர் எண்ணிக்கை. மிச்சிகன் 52 ஆயிரம், ராச்செஸ்டர் 12 ஆயிரம், எம்.ஐ.டி. 12 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியது மேலே, சிறியது கீழே என்று அடுக்கிவிட்டு, "பெரிய இடம்னா வாய்ப்பும் அதிகம்தானே மாமா?" என்று ஒரு வரி.

பாதி சரி. மீதிப் பாதிக்கு அந்த எண்ணைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும்.

ராச்செஸ்டரின் 12 ஆயிரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இளநிலை மாணவர்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டும். மீதியில் மருத்துவம், செவிலியர் படிப்பு, வணிக மேலாண்மை எல்லாம் அடக்கம். இளநிலையிலும் ஒரு பகுதியினர் நகரின் நடுவில் உள்ள ஈஸ்ட்மன் இசைப் பள்ளிக்காரர்கள். அங்கே வயலின் பயிலும் பிள்ளையும் அந்த 12 ஆயிரத்தில் ஒருவர்தான்; ஆற்றங்கரை வளாகத்தில் அரசியல் துறை நடத்தும் கேம் தியரி (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருப்பதைக் கணிதமாக ஆராய்வது) வகுப்புக்கு அவர் வரப்போவதில்லை. மிச்சிகனில் வேறு சங்கதி. 52 ஆயிரம் என்பது ஆன் ஆர்பர் வளாகம் மட்டும். டியர்போர்ன், ஃபிளின்ட் வளாகங்களுக்குத் தனிக் கணக்கு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 60 ஆயிரம் என்று ஓரிடத்திலும் 65 ஆயிரத்துக்கு மேல் என்று இன்னோரிடத்திலும் பார்த்தால் குழம்ப வேண்டாம். முதலாவது கொலம்பஸ் மட்டும், இரண்டாவது எல்லா வளாகங்களும் சேர்த்து.

தலையை எண்ணுவதா, படிப்புச் சுமையை எண்ணுவதா என்பது அடுத்த சிக்கல். 9 ஆயிரம் முழுநேர மாணவர், 3 ஆயிரம் பகுதிநேர மாணவர் என்று ஒரு இடம் இருந்தால் தலைக்கணக்கு 12 ஆயிரம். பகுதிநேரக்காரர் மூவரை ஒருவராகக் கொள்ளும் கணக்கில் அதே இடம் 10 ஆயிரம் ஆகிவிடும். ஒரு தளத்தில் ஒன்றையும் இன்னொன்றில் மற்றதையும் எடுத்து ஒரே பத்தியில் போட்டால் ஒப்பீடே செல்லாது. அவள் தாளில் அப்படி இரண்டு இடங்கள் இருந்தன.

சரி, மிச்சிகன். கருத்துக்கணிப்பு வழியாக அரசியலைப் படிப்பதென்றால் இது தாய்வீடு மாதிரி. 1946-லேயே இங்கே கருத்துக்கணிப்பு ஆய்வு மையம் வந்துவிட்டது. 1948 முதல் அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்புகள் இங்கிருந்து நடந்தன. 1962-ல் அங்கிருந்த அரசியல் ஆய்வாளர் வாரன் மில்லர் முன்கையெடுத்து, பல்கலைக்கழகங்கள் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே அதன் கோடைகால ஆய்வுமுறைப் பள்ளி ஆரம்பம். அங்கே பேராசிரியராக இருந்த சாமுவேல் எல்டர்ஸ்வெல்டு, வீடு தேடிப் போய்ப் பேசினால் வாக்குப்பதிவு கூடுமா என்று ஆன் ஆர்பர் வாக்காளர்களிடமே சோதித்துப் பார்த்தவர். பிறகு அந்த ஊருக்கே மேயரும் ஆனார்! இந்தியாவில் வாக்காளர் கணிப்பு வேரூன்றிய காலத்தில் டெல்லி ஆய்வாளர் பஷிருதீன் அகமதுவுடன் சேர்ந்து நம் வாக்காளர்களைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்.

இங்கே கூட்டம் எதற்கு உதவுகிறது? இளநிலையில் மட்டும் 33 ஆயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசியல் பாடம் எடுக்கச் சிறு சிறு வகுப்புகள் வேண்டும், அவற்றை நடத்த முனைவர் பட்ட மாணவர்கள் வேண்டும். அவர்களை அங்கே ஜி.எஸ்.ஐ. என்பார்கள். அந்த வேலையில் கட்டணச் சலுகை, சம்பளம், மருத்துவக் காப்பீடு மூன்றும் வரும். உதவித்தொகை முடிந்த ஆண்டுகளில் அடுப்பு எரிவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம், உயர்நிலைப் புள்ளியியல் வகுப்புக்கு ஆள் சேரும். சமூகவியல், பொதுக்கொள்கை, பொதுச் சுகாதாரம் என்று பக்கத்துத் துறைகளிலிருந்தும் வந்து உட்காருவார்கள். விலையும் உண்டு: வாரத்துக்கு இத்தனை விடைத்தாள் என்று திருத்தித் தள்ள வேண்டும். ஆய்வேடு எழுத நினைத்த பிற்பகல் அதில் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆய்வுமுறைக்காகவே ஆன் ஆர்பரைத் தேடிவரும் கோடைகாலப் பள்ளி மாணவர்கள் 52 ஆயிரத்தில் வருவதில்லை. அந்த எண் இலையுதிர்காலத்தில் எடுப்பது. பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து, சில வாரம் பின்னடைவுப் பகுப்பாய்வும் (ரெக்ரெஷன்: ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) மேட்ரிக்ஸ் கணக்கும் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இவர்கள். ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ராச்செஸ்டர் இதற்கு நேர் எதிர். 1962-ல் வில்லியம் ரைக்கர் விஸ்கான்சினில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து இங்கே வந்து துறையைப் பொறுப்பேற்றார். எல்லாப் பிரிவுகளையும் நிரப்பப் பார்க்காமல், கணித மாதிரியும் புள்ளியியலும் எல்லா முனைவர் பட்ட மாணவர்க்கும் கட்டாயம் என்று வைத்தார். கென்னத் ஷெப்சில், மோரிஸ் ஃபியோரினா, ரிச்சர்டு மெக்கெல்வி, ஜான் ஆல்டிரிச், கீத் பூல் என்று பின்னாளில் பெயர் எடுத்த ஆய்வாளர்கள் எல்லாம் அந்தச் சின்னத் துறையில் படித்து வெளியே வந்தவர்கள். இத்தனைக்கும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களோடு அவர்கள் தொகுதிகளில் ஊர் ஊராகச் சுற்றிக் கவனித்து எழுதிய ரிச்சர்டு ஃபென்னோவும் அதே துறையில்தான் இருந்தார். சூத்திரமே எழுதாத மனிதருக்கும் அங்கே இடம் இருந்திருக்கிறது.

சின்ன இடத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரே வரிசையில் ஒரே பாடங்களை எடுக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொண்டால் பக்கத்து மேசைக்காரருக்கு உன் மாதிரியின் ஒவ்வொரு குறியீடும் தெரியும். ஆனால் ஒரு பேராசிரியர் ஓராண்டு விடுப்பில் போனால் அவர் பாடம் அந்த ஆண்டு இல்லை. இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போனால் துறையின் முகமே மாறிவிடும். மிச்சிகனில் இரண்டு பேர் போனாலும் வகுப்பு அட்டவணை பெரிதாக அசையாது.

எம்.ஐ.டி.யில் எண்ணிக்கை தலைகீழ்: இளநிலையில் சுமார் 4,500 பேர், மேற்படிப்பில் 7 ஆயிரத்துக்கு மேல். இளநிலைக்காரர்கள் பெரும்பாலும் கணினியும் பொறியியலுமாக இருப்பதால் அரசியல் துறை சிறியது. இருந்தாலும் ஹார்வர்டில் பாடம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. கெண்டல் நிலையத்தில் ரெட் லைன் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹார்வர்டு. அப்படிப் போய் உட்காருகிறவர் எண்ணிக்கையில் எம்.ஐ.டி. ஆள்தான். பிரின்ஸ்டனில் மொத்தமே 9 ஆயிரம் பேர் அளவில்தான். சட்டம், மருத்துவம், வணிகம் எதற்கும் அங்கே பள்ளி இல்லை என்பதால் அந்த எண்ணை ஓரளவு அப்படியே நம்பலாம்.

கடல் தாண்டி இங்கிலாந்தின் எசெக்ஸைப் பார்த்தால், மிச்சிகனில் மூன்றில் ஒரு பங்கு அளவு. 1967-ல் தரவுக் காப்பகம், 1968 முதல் கோடைகாலப் பள்ளி. முழுப் படிப்புக்குப் போகாமல் கோடைக்கு மட்டும் போய்வருவதும் ஒரு நல்ல வழி.

அவள் தாளில் இல்லாத ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன்: படிப்பின் குறியீட்டு எண், அதாவது அமெரிக்கக் கல்வித்துறை படிப்புகளை வகைப்படுத்தும் எண். பொது அரசியல் அறிவியலுக்கு 45.1001, சமூக அறிவியல் ஆய்வுமுறைக்கு 45.0102. இரண்டாவதை 2022 ஜனவரியில் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்தார்கள். மாணவர் விசாவில் படித்தவர் படிப்பு முடிந்து 12 மாதம் வேலைப் பயிற்சி பெறலாம். ஸ்டெம் குறியீடு என்றால் இன்னும் 24 மாதம். ஒரே மாதிரிப் பாடத்தை இரண்டு துறைகள் இரண்டு குறியீட்டில் பதிந்திருக்கலாம். இதனால் எண்ணிக்கையும் ஏமாற்றும். அமெரிக்கக் கல்வித்துறையின் தரவில் அரசியல் அறிவியலுக்குக் குறியீட்டுவாரியாகக் கிடைப்பது வழங்கிய பட்டங்களின் கணக்கு. 45.0102-ல் பட்டம் வாங்கியவர் அரசியல் அறிவியல் வரிசையில் தென்படவே மாட்டார்.

என்னைக் கேட்டால், கருத்துக்கணிப்பு செய்ய ஆசை என்றால் மிச்சிகன், கேம் தியரி என்றால் ராச்செஸ்டர், கள ஆய்வுத் தரவோடு புள்ளியியலை ஆழமாகப் படிக்க எம்.ஐ.டி. அவளுக்குக் கருத்துக்கணிப்பில்தான் ஆசை. ஆகவே மிச்சிகன் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் புதிய தாள் வந்தது. மொத்த மாணவர் பத்தியைக் காணோம். அங்கங்கே படிப்பவர்களுக்கு எழுதிக் கேட்டு, 'இந்த ஆண்டு உயர்நிலைப் புள்ளியியல் வகுப்பில் எத்தனை பேர்' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறாள். ஓரிடத்தில் நான்கு பேர் என்று பதில் வந்திருக்கிறது. அந்த வரிசையை மேலே தூக்கி வைத்துவிட்டாள். நான்கு பேர் என்றால் அடுத்த ஆண்டு அந்த வகுப்பையே நிறுத்திவிடுவார்களே என்கிறேன் நான். நான்கு பேர் என்றால் பேராசிரியருக்கு என் பெயர் தெரியுமே என்கிறாள் அவள்.