செந்தூலில் பெண் கோல் காவலர்களுக்கான வாரயிறுதிப் பயிற்சி: சேரலாமா?

கல்லூரிக் கால்பந்து அணிப் பெண்களுக்கென்றே கோல் காவலர் பயிற்சி கோலாலம்பூரில் சுலபத்தில் அகப்படாது. செந்தூலில் நடக்கும் இந்த வகுப்பில் தாராளமாகச் சேரலாம், சில குறைகள் இருந்தாலும்.

பயிற்றுநர் கல்லூரி அணிகளைக் கையாண்டவர், அது தெரிகிறது. எடுத்ததும் பாயச் சொல்வதில்லை. முதலில் கை. மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் ஏறக்குறைய தொட்டபடி பந்தின் பின்னால் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே என்றால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். பிறகு பாய்ச்சல்: முழங்காலிட்டு, குந்தி, அப்புறம்தான் நின்று. பந்து வரும் பக்கத்துக் காலை முன்பக்கமாகச் சாய்வாக ஓரடி வைத்த பிறகே உடல் சாய வேண்டும். அந்த அடி பின்னால் போனால் பந்து விரல் நுனியில் உரசி வலைக்குள் போய்விடும். முழங்கையை முதலில் ஊன்றினால் தோள்பட்டைக்கு ஆபத்து. இதை ஒவ்வொருவரிடமும் நின்று திருத்துகிறார். காசு கொடுப்பதே இதற்குத்தான்.

கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஆண்களுக்கும் அதே அளவு. அதனால் முன்னேறி வந்து, பந்தடிப்பவருக்குத் தெரியும் கோல் இடைவெளியை, அதாவது கோணத்தைச் சுருக்குவதற்கே பாதி நேரம் போகிறது. பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் (மூலை உதை) என்ற 2025 விதியும் பயிற்சியில் உண்டு.

திடல் செயற்கைப் புல். கையுறையின் உள்ளங்கையில் இருக்கும் லேடெக்ஸ் ரப்பர் சீக்கிரம் உரியும். பழைய ஜோடியைக் கொண்டுபோங்கள், வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள். இரவல் கையுறை 9, 10 அளவில்தான். 7 கேட்டால் கைவிரிக்கிறார்கள். மாலை இடிமழையில் வகுப்பு ரத்தானால் மாற்று நாளை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.